இரவு மலையேற்றத்துக்கு ஹெட்லேம்ப்: லூமெனை விட்டுவிட்டு பேட்டரியைப் பாருங்கள்

பர்வதமலையில் கடப்பாரைப் படி வந்துவிட்டால் இரண்டு கையும் கம்பியில்தான் இருக்க வேண்டும். வெள்ளியங்கிரியில் ஒரு கையை மூங்கில் தடி எடுத்துக்கொள்ளும், இன்னொரு கை பாறையைத் தேடும். போன் டார்ச்சைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. அதனால்தான் நெற்றியில் விளக்கு. இலங்கையின் சிவனொளிபாத மலைக்கு சீசனில் போகிறவர்களுக்கு இந்தச் செலவே தேவையில்லை, நல்லதண்ணிப் பாதை முழுக்க விளக்கு எரியும். சீசன் முடிந்த பிறகு போனால் அங்கும் கும்மிருட்டுதான்.

கடைக்காரர் முதலில் லூமென் கணக்கை, அதாவது வெளிச்சத்தின் அளவைச் சொல்வார். படியும் ஒற்றையடிப் பாதையும் ஏற 30 முதல் 50 லூமென் போதும். வழி பிரியும் இடத்தில் தூரத்தில் பார்க்க 150 முதல் 200 வேண்டும், அதுவும் சில நிமிடங்களுக்கு. பெட்டியில் "400 லூமென், 8 மணி நேரம்" என்று போட்டிருந்தால் எட்டு மணி நேரமும் 400 எரியும் என்று எண்ண வேண்டாம். எஃப்எல்-1 என்ற அளவுமுறைப்படி, விளக்கைப் போட்டு 30 வினாடி கழித்து வெளிச்சத்தை அளப்பார்கள். அது பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை ஓடும் நேரம் முழுவதையும் எரியும் நேரமாக எழுதிக்கொள்ளலாம். 400 என்று ஆரம்பித்தது கடைசியில் 40-இல் மினுங்கினாலும் எட்டு மணி நேரம்தான்.

உண்மையைப் பேட்டரி சொல்லிவிடும். பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் எம்ஏஹெச் எண்ணை 1000-ஆல் வகுத்து 3.7-ஆல் பெருக்கினால் வாட்-மணி. ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் என்று வைத்துக்கொள்ளுங்கள். 650 எம்ஏஹெச் பேட்டரியில் இருப்பது 2.4 வாட்-மணி, அதாவது 240 லூமென்-மணி. 400 லூமெனில் எரித்தால் அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். 40-இல் எரித்தால் ஆறு மணி நேரம்.

வெள்ளியங்கிரியின் பூண்டி அடிவாரத்தில் இரவு பத்து மணிக்கு ஏறத் தொடங்கி, விடிய ஆறு மணி வரை விளக்கு வேண்டும் என்று வையுங்கள். ஆறு மணி நேரம் 40 லூமென், ஒரு மணி நேரம் 150, உட்கார்ந்து மூச்சு வாங்கும் ஒரு மணி நேரத்தில் 5. கூட்டினால் 395 லூமென்-மணி. அதற்கு ஏறக்குறைய 1100 எம்ஏஹெச் வேண்டும். பழைய பேட்டரி, குளிர் இரண்டையும் சேர்த்து 1200 முதல் 1500 வரை உள்ளதை வாங்குங்கள். 35, 45 கிராமில் வரும் மிகச் சிறியவை கூடார வேலைக்கு அருமை. ராத்திரி முழுக்க நடக்க அவற்றை நம்பினால் பவர் பேங்கும் கூடவே வர வேண்டும், மிச்சம் பிடித்த எடை அதிலேயே போய்விடும்.

எதிர்ப்பக்கமும் ஏமாற்று உண்டு. 18650 என்ற அளவில் வரும், விரல் பருமனுள்ள லித்தியம் செல்லில் "9900 எம்ஏஹெச்" என்று அச்சடித்து விற்கிறார்கள். அந்த அளவு செல்லில் நல்ல கம்பெனி தயாரிப்பே 3500-ஐ ஒட்டித்தான் இருக்கும். சமையலறைத் தராசில் வையுங்கள்: நல்ல செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். 30 கிராம் காட்டினால் உள்ளே காலி.

எடையில், பேட்டரியோடும் பட்டையோடும் 60 முதல் 90 கிராம் உள்ளது இரவு நடைக்குப் பொருத்தம். 120-ஐத் தாண்டினால் இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் விளக்கு குதிக்கும். அதைத் தடுக்கப் பட்டையை இறுக்கினால் நெற்றி வலிக்கும். குமரி மாவட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் கட்டும் ஹெட்லைட் மலிவு, உழைக்கும். ஆனால் அது தோட்டத்துக்கானது, மலைக்குக் கனம். கயிறு போன்ற மெல்லிய பட்டை லேசான விளக்குக்கு மட்டும் சரி.

ஒளி விழும் விதத்தில் தவறு செய்கிறவர்கள்தான் அதிகம். குவிந்த ஒளி மட்டும் இருந்தால் காலடியில் ஒரு வட்டம் வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் தெரியும். இரண்டு மணி நேரத்தில் கண் சோர்ந்துவிடும். பரந்த ஒளி கட்டாயம், குவிந்த ஒளி கூடுதல். நீலம் பாய்ந்த வெள்ளையைவிட 4000 கெல்வின் (ஒளியின் நிற அளவு) பக்கம் உள்ள இளமஞ்சளில் வேர், கல், ஈரமான இலை எல்லாம் பிரிந்து தெரியும்.

மூடுபனி இறங்கினால் வெளிச்சத்தைக் கூட்டத்தான் கை போகும். கூட்டினால் முகத்துக்கு முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பும். விளக்கு கண்ணுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் பனித்துளியில் பட்ட ஒளி நேராகக் கண்ணுக்கே திரும்புகிறது. குறைத்துவிட்டு, விளக்கைக் கழற்றி இடுப்பு உயரத்தில் பிடியுங்கள். கல்லுக்கு நிழல் விழும், மேடுபள்ளம் புரியும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை இவ்வளவுதான். தலையில் மாட்டிக் குனிந்து நான்கு முறை குதியுங்கள். விளக்கு தானாகக் கீழே சாய்ந்தால் கீல் தளர்வு, இரண்டு மாதத்தில் இன்னும் மோசமாகும். விளக்கைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்து, போன் கேமராவை அதன்முன் பிடியுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் விளக்கு வேகமாக அணைந்து அணைந்து எரிகிறது, நடக்கும்போது கண்ணை உறுத்தும். சிவப்பு விளக்குக்குப் போக வெள்ளையைத் தாண்ட வேண்டியிருந்தால் அந்தச் சிவப்பால் பயனில்லை. இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் ஆகும், ஒரு வெள்ளை வெளிச்சம் அதைக் கெடுத்துவிடும், பக்கத்தில் தூங்குகிறவரும் எழுந்துவிடுவார். பட்டனைப் பூட்டும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். பைக்குள் தானாக எரிந்து, மலையடிவாரத்தில் காலியாகக் கிடைக்கும் விளக்குகள் ஏராளம். தண்ணீரைத் தாங்கும் தரத்தில் மழைக்கு ஐபிஎக்ஸ்-4 போதும், ஓடையில் இறங்கும் வழியென்றால் ஐபிஎக்ஸ்-7.

டைப்-சி துளை இருக்கிறதே என்று இரு முனையும் டைப்-சி ஆன ஒயரை மட்டும் கொண்டுபோக வேண்டாம். மலிவான விளக்குகளில், விளக்கு இணைந்திருப்பதைச் சார்ஜருக்குக் காட்டும் சிறு ரெசிஸ்டரைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். சார்ஜ் ஏறவே ஏறாது. ஒரு முனை பழைய செவ்வக யுஎஸ்பி ஆன ஒயரில் ஏறும். சில பவர் பேங்குகள் சின்ன விளக்கு இழுக்கும் மின்சாரம் போதாமல் தாமாக அணைந்துவிடும், வீட்டிலேயே ஒருமுறை முழுக்க ஏற்றிப் பாருங்கள்.

ட்ரிபிள் ஏ செல் போடும் விளக்கென்றால் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதோடு புதியதைக் கலந்தால் பழையது ஒழுகி ஸ்பிரிங்கை அரித்துவிடும். ஊர் திரும்பியதும் செல்லைக் கழற்றி வைத்து, பட்டையை உப்புப் போக அலசிக் காயப்போடுங்கள். சார்ஜ் வகையென்றால் பாதி சார்ஜில் எடுத்து வைத்து, அடுத்த பயணத்துக்கு முந்தின ராத்திரி முழுதாக ஏற்றிக்கொள்ளலாம்.