"விடியட்டும், பார்த்துக்கலாம்" என்று எப்போது சொல்லக்கூடாது

தோட்டத்து வீட்டில் ஒருவர் சுகமில்லாமல் படுத்துவிட்டால், படுத்தவரைவிடச் சுற்றி நிற்பவர்கள்தான் அதிகம் பேசுவார்கள். அத்தை கஞ்சி வைக்கச் சொல்வார். பக்கத்து வீட்டு அண்ணன் பனடோல் (பாரசிட்டமால்) மாத்திரை இரண்டைக் கையில் கொடுப்பார். பெரியவர் ஒருவர் விபூதித் தட்டோடு வருவார். எல்லோரும் அன்பாகத்தான் செய்கிறார்கள். கடைசியில் யாராவது ஒருவர் "விடியட்டும், பார்த்துக்கலாம்" என்பார். அதோடு கூட்டம் கலைந்துவிடும்.

பல நேரம் விடியும்வரை காத்திருப்பதில் தவறில்லை. எந்த நேரம் காத்திருக்கக்கூடாது என்பதுதான் கேள்வி. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு ஈப்போ பெரிய மருத்துவமனை எவ்வளவு தூரம், மழை பெய்தால் செம்மண் பாதை எப்படி இருக்கும் என்று தெரியும். அப்பா அம்மா சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ வேலை பார்க்க, தாத்தா பாட்டியோடு இருக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இது மருத்துவப் பாடம் இல்லை. என்ன நோய் என்று கண்டுபிடிப்பது டாக்டரின் வேலை. கிளம்புவதா வேண்டாமா என்பது மட்டும் நம் வேலை.

படி 1: விளக்கைப் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்

சாமி படத்துக்குப் போட்டிருக்கும் சிவப்பு பல்பு வெளிச்சத்தில் யாரைப் பார்த்தாலும் நன்றாகத்தான் தெரிவார்கள். பெரிய விளக்கைப் போடுங்கள். தோளைத் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். கண் திறந்தால் மூன்று கேள்வி: நான் யார், இது எந்த இடம், இன்றைக்கு என்ன கிழமை. எப்போதும் சரியாகப் பதில் சொல்கிற ஆள் இன்று தடுமாறினால், அது பெரிய அறிகுறி. "வயசாச்சு, அப்படித்தான் உளறும்" என்று விடாதீர்கள். வயதானவர்களுக்குத் திடீரென்று வரும் குழப்பத்துக்குப் பின்னால் கிருமித்தொற்றோ, இரத்தத்தில் சீனி இறங்கியதோ, பக்கவாதமோ இருக்கலாம்.

நம் தோல் நிறத்தில் வெளிறியதோ நீலம் பாய்ந்ததோ முகத்தில் சட்டென்று தெரியாது. கீழுதட்டை இழுத்து உள்பக்கம் பாருங்கள். நாக்கையும் நகத்தின் அடியையும் பாருங்கள்.

கூப்பிட்டும் தட்டியும் அசைவில்லை, மூச்சும் இல்லை, அல்லது எப்போதோ ஒருமுறை வாயைத் திறந்து இழுக்கிறார் என்றால் மற்ற படிகள் எதுவும் வேண்டாம். 999ஐக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடுங்கள். தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, ஏறக்குறைய 5 செண்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். எப்படி என்று போனில் சொல்லிக்கொண்டே வருவார்கள்.

படி 2: மூச்சை எண்ணுங்கள்

எல்லோரும் நெற்றியில் கை வைப்பார்கள். மூச்சை எண்ணுகிறவர்கள் குறைவு. ஆனால் காய்ச்சலைவிட மூச்சுதான் அதிகம் சொல்லும்.

சட்டையைத் தூக்கிவிட்டு, போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு, முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது குழந்தைகள் விஷயத்தில் ஏமாற்றிவிடும். குழந்தை அழாமல் இருக்கும்போது எண்ண வேண்டும். 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயதுவரை 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயதுவரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமூச்சு. அன்றே காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே வயிறும் நெஞ்சும் சேருமிடம் உள்ளே குழி விழுந்தால், எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் உடனே மருத்துவமனை.

பெரியவர்களுக்குச் சாதாரணமாக 12 முதல் 20. சும்மா படுத்திருக்கும்போதே 25ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். 30 என்றால் கிளம்ப வேண்டும். எண்ண வரவில்லையா, பேசச் சொல்லுங்கள். ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாமல் இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தினால் அதுவே போதும். கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்சிஜன் மீட்டர் அலமாரியில் கிடந்தால் எடுங்கள். விரல் சில்லென்று இருந்தாலோ மருதாணி, நகச்சாயம் இருந்தாலோ தவறாகக் காட்டும். விரலைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். எப்போதும் நன்றாக இருக்கிறவருக்கு 94க்குக் கீழே நின்றால் வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயம் இல்லை. மீட்டர் 97 காட்டினாலும் ஆள் திணறினால் ஆளை நம்புங்கள்.

படி 3: குடும்பக் கூட்டம் வேண்டாத அறிகுறிகள்

நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் வலி, கை, தாடை, முதுகுக்குப் பரவுதல், குளிர்ந்த வியர்வை. இதைக் "காற்றுப் பிடிப்பு" என்று தைலம் தேய்ப்பது நம் ஊர்ப் பழக்கம். தைலம் தேய்த்துக்கொண்டே 999ஐக் கூப்பிடுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு மாரடைப்பில் வலியே இல்லாமலும் போகலாம். திடீர் மூச்சிரைப்பு, வாந்தி, காரணமில்லாத அசதி மட்டும் தெரியும்.

பக்கவாதத்துக்கு மூன்று சோதனை: சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கி நிறுத்தச் சொல்லுங்கள், ஒன்று கீழே இறங்குகிறதா? ஒரு வரி பேசச் சொல்லுங்கள், குழறுகிறதா? ஒன்று சரியில்லை என்றாலும் புறப்படுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, தொடங்கி 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும். அந்த வசதி எல்லா ஊர் மருத்துவமனையிலும் இல்லை, அடுத்த ஊருக்கு மாற்றுகிற நேரமும் அதற்குள்தான் அடங்க வேண்டும். ஆகவே கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் கையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர், மாத்திரை எதையும் வாயில் கொடுக்காதீர்கள், புரையேறிவிடும்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்புச் சாவி, பல்லுக்கிடையில் கரண்டி, இரண்டும் வேண்டாம். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, தெளியாமல் மறுபடி வந்தாலோ, வாழ்க்கையில் முதல் தடவை என்றாலோ மருத்துவமனை. 3 மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி வந்தாலே மருத்துவமனை, வேறெதுவும் யோசிக்க வேண்டாம். கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு, கண் மங்குகிற தலைவலி, குழந்தை அசைவு குறைவது, இவற்றில் எது வந்தாலும் கிளினிக்கில் தந்த பிங்க் கர்ப்பப் புத்தகத்தோடு அதே வேளை கிளம்புங்கள்.

படி 4: காய்ச்சலென்றால் நாளைக் குறித்து வையுங்கள்

நம்மைப் பயமுறுத்துவது 39, 40 என்கிற எண். டிங்கிக் (டெங்கு) காய்ச்சலில் ஆபத்து பெரும்பாலும் சூடு இறங்கும் நேரத்தில் வருகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும், வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அதனால் காய்ச்சல் தொடங்கிய அன்றே சுவரில் தொங்கும் நாள்காட்டியில் "1" என்று பேனாவால் எழுதுங்கள். அடுத்த நாள் "2". டாக்டர் கேட்கும் முதல் கேள்வியும் எத்தனை நாள் காய்ச்சல் என்பதுதான், "நாலஞ்சு நாள் இருக்கும்" என்ற பதில் அவருக்கு உதவாது.

இரண்டாம் மூன்றாம் நாளுக்குள் அரசாங்கக் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்)தான். அதற்குப் பிறகு கவனிக்க வேண்டியவை: விடாத வயிற்றுவலி, ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், காய்ச்சல் விட்டும் ஆள் துவண்டு கிடப்பது, உட்காரவைத்தால் தலைசுற்றல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது. இதில் ஒன்று வந்தாலும் இரவு இரண்டு மணியானாலும் போக வேண்டும்.

வலிக்குப் பொன்ஸ்தான், வோல்டரேன், புரூஃபன், ஆஸ்பிரின் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள், இரத்தக் கசிவை அதிகமாக்கும். ஏற்கெனவே இருதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் என்றால் அதை டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள். பனடோல் போதும், பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. பப்பாளி இலைச் சாறு குடிப்பவர்கள் குடித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைக் குடித்தாயிற்று என்று இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

செம்பனையில் வேலை செய்பவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், தோட்ட வேலை என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலையும் டாக்டர் நினைத்துப் பார்ப்பார்.

படி 5: வீட்டில் இனிப்புநீர் உள்ளவர் இருந்தால்

வியர்த்து, கை நடுங்கி, எரிந்து விழுந்தால் முதலில் சீனி இறங்கிவிட்டதா என்று பாருங்கள். மீட்டரில் 4க்குக் (mmol/L கணக்கில்) கீழே என்றால் குறைவு. மீட்டர் இல்லையென்றால் குறைவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விழுங்க முடிகிறவருக்கு மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. சீனி போடாத டீயும் டயட் பானமும் உதவாது. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999.

தெளிந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார், முடிந்ததா? சீனியைக் குறைக்கும் கிளிக்லசைட் போன்ற மாத்திரை சாப்பிடும் வயதானவர்களுக்கு, மாத்திரையின் வேலை முடியும்வரை சீனி மறுபடி மறுபடி இறங்கும். சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்ட நாளாக இருந்தால் இன்னும் மோசம். அவர்களை மருத்துவமனையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மறுபக்கம், மீட்டர் 14க்கு மேல் காட்டி, வாந்தியும் ஆழமான வேகமூச்சும் தூக்கக் கலக்கமும் சேர்ந்தால் அதுவும் அவசரம்தான்.

படி 6: பாம்பும் பூச்சி மருந்தும்

பாம்பு கடித்தால் நடக்க விடாதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றி, கடித்த கையையோ காலையோ அசையாமல் கட்டை வைத்துத் தாங்கி, நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். கயிற்றால் இறுக்கக் கட்டுவது, கீறி உறிஞ்சுவது எல்லாம் சேதத்தைத்தான் கூட்டும். பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டாம், தூரத்திலிருந்து போட்டோ எடுக்க முடிந்தால் எடுங்கள். கண்ணில் விஷம் துப்பியிருந்தால் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டுப் போங்கள்.

பூச்சி மருந்து குடித்தவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் வேண்டாம். போத்தலை லேபிளோடு எடுத்துக்கொள்ளுங்கள். பாரகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை. ஆனாலும் பழைய கொட்டகைகளில் பெயரில்லாத போத்தல் கிடக்கத்தான் செய்கிறது. அதைக் குடித்தவர் முதல் நாள் நன்றாகப் பேசுவார், நுரையீரலும் சிறுநீரகமும் கெடுவது பிறகுதான். "நல்லாத்தானே இருக்கான்" என்று இருந்துவிடாதீர்கள். இன்னொன்று: போலீஸ் கேஸாகிவிடும் என்ற பயத்தில் மறைக்கிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆவது சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. ஏன் குடித்தாய் என்ற விசாரணையைப் பிறகு அன்போடு வைத்துக்கொள்ளலாம்.

படி 7: எப்படிப் போவது

தனியார் கிளினிக்கில் முதலில் காட்டிவிட்டு அங்கிருந்து போகலாம் என்பது மேலே சொன்ன அறிகுறிகளுக்கு வெறும் நேர விரயம். நேராக மருத்துவமனை.

போலீஸ், பொம்பா (தீயணைப்பு), ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் 999தான். எடுப்பவர் மலாயில் கேட்பார். பதற்றத்தில் மலாய் வராமல் போகும், ஆகவே இவற்றை இப்போதே எழுதி ஒட்டுங்கள்: நெஞ்சுவலி "சாகிட் டாடா", மூச்சுத்திணறல் "செசாக் நஃபாஸ்", நினைவில்லை "தாக் செடார்", வலிப்பு "சாவான்", பாம்புக்கடி "கெனா பாத்தோக் உலார்", விஷம் குடித்தது "தெர்மினும் ராச்சுன்". அதன் கீழே தோட்டத்தின் மலாய்ப் பெயர், டிவிஷன் எண், லய (வரிசை வீடு) எண், எந்தச் சாலையிலிருந்து எந்தச் சந்து என்பதையும் எழுதுங்கள். கோயிலைத் தாண்டி வலது பக்கம் என்பது நமக்குத்தான் விலாசம்.

இரவில் தோட்டத்து கேட் பூட்டியிருக்கும். ஒருவர் ஜாகாவிடம் (காவல்காரர்) போய்த் திறக்கச் சொல்லட்டும், இன்னொருவர் மோட்டாரில் சாலை முனைக்குப் போய் விளக்கைப் போட்டு நிற்கட்டும். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றால், காடியில் (கார்) கொண்டுவரலாமா, வழியில் சந்திக்கலாமா என்று போனில் இருப்பவரையே கேளுங்கள். விழுந்து கழுத்து முதுகில் அடிபட்டவரையும் மூச்சில்லாதவரையும் நீங்களாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். காடியில் போவதாக முடிவானால் ஓட்டுபவர் ஒருவர், பின்னால் நோயாளியைப் பிடித்துக்கொண்டு மூச்சைக் கவனிப்பவர் ஒருவர். மற்ற ஏழு பேர் வீட்டில் இருக்கலாம்.

ஐசி (அடையாள அட்டை), கிளினிக் புத்தகம், சாப்பிடும் எல்லா மாத்திரையும் ஒரே பையில். நாட்டு மருந்து சாப்பிடுகிறவர் என்றால் அதையும் போடுங்கள், டாக்டர் திட்டினாலும் பரவாயில்லை.

படி 8: கவுன்டரில்

அவசரப் பிரிவில் வந்த வரிசைப்படி கூப்பிட மாட்டார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆளின் நிலைமையைப் பார்த்துப் பிரிப்பார்கள். அதனால் முதல் வாக்கியத்திலேயே முக்கியமானதைச் சொல்லுங்கள். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, சாயங்காலம் சாப்பிடவில்லை" என்று தொடங்கினால் பச்சை. "ஒன்பது மணியிலிருந்து நெஞ்சுவலி, வியர்க்கிறது, இனிப்புநீர் உண்டு" என்றால் நாற்காலி தள்ளிக்கொண்டு வருவார்கள். பச்சையில் உட்கார வைத்த பிறகு மூச்சு கூடினாலோ, ஆள் கண்ணைச் சொருகினாலோ, எழுந்து போய்ச் சொல்லுங்கள்: "முன்னைவிட மோசமாகிவிட்டது." நம் ஆட்கள் மரியாதைக்காகப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். கவுன்டரில் இருப்பவருக்கு நோயாளி மாறியது நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினால், எது நடந்தால் திரும்ப வர வேண்டும் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கி, ஐஸ்பெட்டியில் ஒட்டுங்கள். அன்றிரவே திரும்பப் போக நேர்ந்து, "இப்பதானே போனீங்க?" என்று கேட்டால், "இப்ப நாலு தடவை வாந்தி, தண்ணிகூட நிக்கல" என்று மட்டும் சொல்லுங்கள்.