பழைய காரில் ஓவர்டிரைவ் ஆட்டோமேட்டிக் மாட்டுவதற்கு முன்னால்: பலரும் சறுக்கும் இடங்கள்

நாகர்கோவில் பக்கம் பழைய கார்ப் பிரியர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. ஷெவர்லேயின் பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸான பவர்கிளைடைக் கழற்றிவிட்டு, ஓவர்டிரைவ் உள்ள நாலு கியர் ஆட்டோமேட்டிக்கான 700ஆர்4 ஒன்றை மாட்டினால் பெட்ரோலும் மிச்சம், எஞ்சின் அலறலும் அடங்கும் என்பார்கள். இரண்டும் உண்மைதான். பவர்கிளைடுக்கு இருப்பது இரண்டே கியர், மேல் கியரில் எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால்தான் பின் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்ட்டும் ஒரு சுற்று சுற்றும். 700ஆர்4 நாலாவது கியரில் எஞ்சின் 0.70 சுற்று சுற்றினாலே போதும், ஓவர்டிரைவ் என்பது இதுதான். ஆனால் இப்படி மாற்றிய கார் ஒன்று ஆறு மாதத்தில் ஒர்க்‌ஷாப் மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தால், கெட்டது கியர்பாக்ஸ் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் அதைச் சுற்றி உள்ள கேபிளோ, ஷாஃப்ட்டோ, ஆயில் குழாயோ, பின் ஆக்ஸில் விகிதமோதான் அதைக் கொன்றிருக்கும்.

வண்டி எந்த ரோட்டில் ஓடப் போகிறது என்று யோசிக்காமலேயே கியர்பாக்ஸ் பெட்டி வாங்குவதுதான் முதல் தவறு. கணக்கைப் பாருங்கள். டயர் உயரம் 27 அங்குலம், பின் ஆக்ஸில் விகிதம் 3.36 (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 3.36 சுற்று) என்றால், 80 கிலோமீட்டர் வேகத்தில் நேர் கியரான மூன்றில் எஞ்சின் சுமார் 2080 சுற்று சுற்றும், ஓவர்டிரைவில் அது 1455-க்கு இறங்கிவிடும். ஆரல்வாய்மொழி தாண்டி, முப்பந்தல் காற்றாலைகளைக் கடந்து திருநெல்வேலி நாலுவழிச் சாலையில் போகிறவருக்கு இது சொர்க்கம். அதே கார் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று நெரிசலில் 60-ல் போனால்? ஓவர்டிரைவில் எஞ்சின் 1100-ஐத் தொட்டுக்கொண்டு திணறும், ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் கீழ் கியருக்கு விழும், விட்டால் மறுபடி ஏறும், இப்படியே ஊர் வந்து சேரும் வரை ஆடிக்கொண்டிருக்கும். எனவே ஊருக்குள் ஓட்டும்போது லீவரை மூன்றிலேயே வைத்து ஓட்டுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆக்ஸிலையும் 3.73-க்கு மாற்றினால் 80-ல் சுமார் 1600 சுற்று கிடைக்கும், எஞ்சினும் மூச்சு விடும். ஆனால் 700ஆர்4-ன் முதல் கியரே 3.06, பவர்கிளைடில் அது 1.82. ஆக்ஸிலையும் கூட்டினால் பேச்சிப்பாறை ஏற்றத்துக்கு அருமையாக இருக்கும், சமதளத்தில் முதல் கியர் கிளம்பிய கையோடு முடிந்துபோகும். பெட்டியையும் ஆக்ஸிலையும் ஒரே காகிதத்தில் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள்.

அடுத்தது காகித வேலை. இதைச் சொன்னால் பலருக்கும் எரிச்சல் வருகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை இறுக்கமாகவே வாசித்தது. அப்புறம் 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதி. 50 வருடம் தாண்டிய வண்டி, மூல வடிவத்தில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பெட்டி உள்ளே போகவில்லை என்று காரின் தரையில் உள்ள நடுமேட்டை அறுத்து, சேசிஸில் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்துவிட்டு விண்டேஜ் பதிவுக்குப் போய் நின்றால் என்ன பதில் வரும் என்று நீங்களே யூகிக்கலாம். களியக்காவிளை தாண்டினால் கேரள மோட்டார் வாகனத் துறை, மாற்றம் செய்த வண்டிகள் விஷயத்தில் கறாரானது. போல்ட் போட்டு மாட்டிப் பிறகு கழற்றி எடுக்கிற மாதிரி வேலை செய்யுங்கள். எதையும் அறுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கழற்றிய மூலப் பெட்டியைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடவே போடாதீர்கள்.

எந்தப் பெட்டி என்பதிலும் அவசரம் வேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸின் 200-4ஆர் 1981-ல் வந்தது, 700ஆர்4 1982-ல். ஃபோர்டின் ஏஓடி 1980-லேயே வந்துவிட்டது, ஆனால் அதை ஷெவர்லே எஞ்சினில் மாட்ட நினைக்கவே வேண்டாம். 700ஆர்4 வாங்கினால் 1987-க்குப் பிந்தையதைத் தேடுங்கள், ஆரம்ப வருடப் பெட்டிகளின் உள்ளே சில பாகங்கள் பலவீனமானவை. 1993-ல் வந்த 4எல்60ஈ-க்கு கியர் மாற்றுவதே கம்ப்யூட்டர்தான். அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வயரிங்கும் இல்லாமல் "மலிவாகக் கிடைச்சுது" என்று வெறும் பெட்டியை மட்டும் கொண்டுவந்து இறக்குகிறவர்களும் உண்டு. 200-4ஆர்-இன் நீளம் ஜெனரல் மோட்டார்ஸின் பழைய மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கான டிஎச்350-இன் நீளத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகும், 700ஆர்4 அதைவிட மூன்று அங்குலம் நீளம். அந்த மூன்று அங்குலம்தான் ஷாஃப்ட், கிராஸ் மெம்பர் (பெட்டியை அடியில் தாங்கும் குறுக்குச் சட்டம்), தரை என்று எல்லாத் தொல்லைக்கும் வேர்.

1955 முதல் 1957 வரையிலான ஷெவர்லேக்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. அந்தக் கார்களில் கியர்பாக்ஸுக்கு அடியில் கிராஸ் மெம்பரே கிடையாது, எஞ்சின் முன்னாலும் பெல் ஹவுசிங் (பெட்டியை எஞ்சினோடு சேர்க்கும் கூடு) பக்கவாட்டிலும்தான் தாங்கப்படுகிறது. புதுப் பெட்டியில் அந்தப் பக்கக் காதுகள் இல்லை. அப்படியே மாட்டினால் எஞ்சினின் பின்பாதி அந்தரத்தில் தொங்கும். கிராஸ் மெம்பர் ஒன்றை அடியில் கொடுத்தாக வேண்டும், முன் மவுண்டையும் எஞ்சின் பக்கத்துக்கு மாற்றவேண்டி வரும். 1958 முதல் 1964 வரையிலான இம்பாலாவில் சேசிஸ் எக்ஸ் வடிவம், நடுவில் இடம் ரொம்ப நெருக்கம், ஷாஃப்ட்டும் இரண்டு துண்டு. அதில் 200-4ஆர் கொஞ்சம் சுலபம்.

இப்போது டிவி கேபிளுக்கு வருவோம். த்ராட்டில் வால்வ் கேபிள் என்பது முழுப் பெயர். மெல்லிய கம்பி, கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்குள் போகிறது, அதனால் ஏதோ முழுதாக மிதித்தால் கியரைக் கீழே இறக்கும் கிக்டவுன் கம்பிதானே என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்று பெட்டிக்குச் சொல்வது இந்தக் கேபிள்தான், அதை வைத்துத்தான் உள்ளே ஆயில் அழுத்தம் ஏறுகிறது. கேபிள் தொளதொளவென்று இருந்தால் எஞ்சின் முழு வலுவில் இழுக்கும்போது உள்ளே கிளட்ச் தட்டுகளைப் பிடிக்க அழுத்தம் போதாது. தட்டுகள் வழுக்கும், வழுக்கினால் கருகும். ஓட்டுகிறவருக்குத் தெரிவது என்னவென்றால் கியர் சீக்கிரமாக, மெத்தென்று, வெண்ணெய் மாதிரி மாறுகிறது என்பது மட்டும்தான். "ஆஹா, எவ்வளவு ஸ்மூத்" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே பெட்டியை எரிப்பார்கள். ஒன்றிரண்டு நல்ல ஏற்றமே போதும்.

சரி பார்ப்பது எளிது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதிக்க வேண்டும், கையால் கார்புரேட்டர் லீவரைத் தள்ளிப் பார்ப்பது போதாது, ஏனென்றால் மிதியடி முழுவதும் கீழே போகாமல் மேட்டில் இடிக்கிற கார்கள் நிறைய. அந்த நிலையில் கேபிள் முழு நீளமும் இழுபட்டிருக்க வேண்டும், விட்டதும் தளர்வே இல்லாமல் இருக்க வேண்டும். லீவரில் கேபிள் கோக்கும் துளை எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். அளவு தவறிய துளையில் கோத்தால் முழு மிதியில் சரியாக இருந்துகொண்டே பாதி மிதியில் அழுத்தம் குறைந்துவிடும். ஹோலி, எடெல்பிராக் கார்புரேட்டர்களுக்கு இதற்கென்றே பிராக்கெட் விற்கிறார்கள். லேத்தில் ஒரு தகட்டை வெட்டி ஒப்பேற்றுகிற வேலை இந்த ஒரு இடத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம். பெட்டியில் அழுத்தமானி மாட்ட ஒரு துளை இருக்கிறது. ஊர் ரோட்டில் இறக்கும் முன் மானி ஒன்றை மாட்டி, மிதிக்க மிதிக்க முள் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரை மாட்டும்போது நடப்பது இன்னொரு கொடுமை. கன்வெர்ட்டர் பெட்டிக்குள் ஒரே தள்ளில் போகாது. இன்புட் ஷாஃப்ட், நடுத் தண்டு, பம்ப் என்று ஒவ்வொன்றிலும் பல் பொருந்தவேண்டும். இரண்டு கையாலும் பிடித்து, லேசாகத் தூக்கி, சுற்றிக்கொண்டே அழுத்தினால் ஒவ்வொரு படியாக 'டக்' என்று உள்ளே இறங்கும். கடைசிப் படி இறங்காமலே இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஜாக்கியில் பெட்டியை ஏற்றி, இடைவெளி தெரிகிறதே என்று போல்ட்டை ஸ்பானரால் முறுக்கி இழுப்பார்கள். அந்த நிமிடமே பம்ப் உடைந்தது. பெல் ஹவுசிங் எஞ்சினோடு கையால் தள்ளினாலே ஒட்டி உட்கார வேண்டும், போல்ட் பிடித்துக்கொள்ள மட்டுமே. போல்ட் போட்டபிறகு கன்வெர்ட்டர் தாராளமாகச் சுற்றவேண்டும், பிளெக்ஸ் பிளேட்டுக்கும் (எஞ்சின் கிராங்கில் மாட்டியிருக்கும் தகடு) அதற்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கவேண்டும், பின் அதை முன்னால் இழுத்துக் கோக்க வேண்டும். இடைவெளியே இல்லை என்றால் கழற்றுங்கள். மெக்கானிக் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

கிளட்ச் கார் ஒன்றை ஆட்டோமேட்டிக்காக மாற்றுகிறவர்கள் கிராங்க் முனையில் கிளட்ச் தண்டைத் தாங்க இருக்கும் பைலட் புஷ்ஷை எடுக்க மறந்துவிடுகிறார்கள். அது இருந்தால் கன்வெர்ட்டர் மூக்கு உள்ளே போகாமல் இடிக்கலாம். ஷெவர்லே வி8-இல் 1986 முதல் பின் சீல் ஒரே துண்டாக மாறியது, அதோடு கிராங்க் போல்ட் வட்டமும் சிறுத்தது. அதனால் பிளெக்ஸ் பிளேட்டை எஞ்சினுக்குப் பொருத்தமாக வாங்குங்கள், பெட்டிக்குப் பொருத்தமாக அல்ல.

ஷாஃப்ட் விஷயத்தில் நம்ம ஊர் லேத்காரர்கள் கெட்டிக்காரர்கள், குழாயை வெட்டி நேராக வெல்டிங் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் சுழற்றி எடை பார்க்கும் பாலன்சிங் மெஷின் எல்லா இடத்திலும் கிடையாது. அது இல்லாமல் மாட்டினால் 70-க்கு மேல் காரே நடுங்கும், பெட்டியின் பின் சீல் கசியும், அப்புறம் பழி கியர்பாக்ஸ் மேல் விழும். அளவெடுக்கும்போது கார் சக்கரத்தில் நிற்கவேண்டும், ஜாக்கியில் பின்சக்கரம் தொங்க அளந்த நீளம் பொய் நீளம். ஷாஃப்ட்டின் முன்முனையில் பெட்டிக்குள் நுழையும் ஸ்லிப் யோக் முழுவதும் உள்ளே போய் முட்டாமல் ஏறக்குறைய ஒரு அங்குலம் மிச்சம் வையுங்கள். பெட்டியின் சாய்வும் பின் ஆக்ஸிலில் ஷாஃப்ட் சேரும் பினியனின் சாய்வும் ஒன்றுக்கொன்று சமமாக, எதிராக இருக்கவேண்டும். பெட்டி தரையில் இடிக்கிறதே என்று கிராஸ் மெம்பரைக் கீழே இறக்கினால் இந்தச் சாய்வுதான் முதலில் கெடும்.

சூடு. ஆட்டோமேட்டிக்கின் முதல் எதிரி அதுதான், நம்ம வெயிலும் நெரிசலும் அதற்குத் துணை. ரேடியேட்டரின் கீழ்த் தொட்டிக்குள்ளோ பக்கத் தொட்டிக்குள்ளோ ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் இருக்கவேண்டும். முன்பு எப்போதோ ரேடியேட்டரை மாற்றியவர்கள் அந்தக் குழாய் இல்லாததைப் போட்டிருப்பார்கள், அதைப் பார்க்காமலே வேலையை ஆரம்பித்துவிடுவார்கள். தனியாகக் கூலர் ஒன்று முன்னால் மாட்டுவது செலவு குறைந்த காப்பீடு. பழைய குழாய்களை அப்படியே வைத்துக்கொண்டால் பழைய பெட்டியின் கருகிய துகள்கள் நேராகப் புதுப் பெட்டிக்குள் போகும், கழுவுங்கள், இல்லை புதிதாகப் போடுங்கள். லாக்அப் (கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டும் ஏற்பாடு) வயரைக் கோக்காமல் விடுவதும் சூட்டுக்கு வழி. ஓவர்டிரைவில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது கன்வெர்ட்டர் வழுக்கிக்கொண்டே இருக்கும், பிடிக்க லாக்அப் வேண்டும். அந்த வயரில் பிரேக் சுவிட்ச் ஒன்று நடுவே வரவேண்டும், இல்லையென்றால் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடும். 1955-க்கு முந்தைய ஷெவர்லே 6 வோல்ட், லாக்அப் சுருளுக்கு வேண்டியது 12 வோல்ட், இதையும் முதலிலேயே யோசியுங்கள். குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டி என்றால் வயர் இணைப்புகளில் கிரீஸ் தடவாமல் விடாதீர்கள்.

பார்க், நியூட்ரலில் மட்டும் ஸ்டார்ட்டரை ஓடவிடும் சுவிட்ச் ஒன்று உண்டு, சோம்பலில் அதை விட்டுவிட்டு வயரை நேராக இணைத்துவிடுகிறார்கள். கியரில் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் கார் பாயும், வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் நிற்பார்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஸ்பீடாமீட்டர் பல்சக்கரத்தை ஆக்ஸில் விகிதத்துக்கும் டயருக்கும் தக்கபடி மாற்றவில்லையென்றால் முள் பொய் சொல்லும்.

அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் என்னிடம் இதையெல்லாம் கேட்பதுண்டு. அவர்களுக்கு என் பதில் வேறு. 1990-களில் வந்த இசுசு 1.8 எஞ்சினோடு ஐந்து கியர் மேனுவல் பெட்டி வந்தது, ஐந்தாவது கியரே ஓவர்டிரைவ்தான். பழைய பி-சீரிஸ் எஞ்சினின் கொஞ்சநஞ்ச வலுவில் அமெரிக்க ஆட்டோமேட்டிக்கை மாட்டி அந்த வலுவையும் தின்னவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கடைசியாக ஆயில். டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில்) மட்டும், கையில் கிடைத்த எஞ்சின் ஆயில் அல்ல. அளவைப் பார்க்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், சூடேறி இருக்க வேண்டும், வண்டி சமதளத்தில் பார்க்கில் நிற்க வேண்டும். எஞ்சின் ஆயில் மாதிரி அணைத்துவிட்டுப் பார்த்தால் கோடு ஏமாற்றும். முதல் ஓட்டம் நெல்லை வரை வேண்டாம், பக்கத்திலேயே ஒரு சுற்று போதும். சில வாரம் ஓடியபிறகு பெட்டியின் அடியில் உள்ள ஆயில் தட்டைக் கழற்றி அதில் இருக்கும் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் நைசான பூச்சு இருந்தால் இயல்பு, துடைத்துவிட்டு புது ஃபில்டர் போட்டு மூடுங்கள். கறுப்புத் தூளும் கருகிய வாடையும் வந்தால் வண்டியை எடுக்காதீர்கள், நேராக டிவி கேபிளுக்குப் போங்கள்.