ஊறவைத்து உரிக்காதீர்கள்: வளர்ப்புப் பாம்பைக் குளிப்பாட்டும்போது நடக்கும் தவறுகள்

போன வருடம் கத்திரி வெயில் சமயம். மதியம் இரண்டு மணிக்கு அம்பத்தூரிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். பால் பைதான் (ball python, வீட்டில் வளர்க்கிற சின்ன வெளிநாட்டு மலைப்பாம்பு) வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. "அண்ணா, சட்டை பாதியிலயே நின்னுடுச்சு. தண்ணில போட்டேன். இப்ப வாயைத் திறந்து திறந்து மூடுது" என்றான். எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். பாத்ரூம் குழாயில் பிடித்ததாம். உடனே வெளியே எடுத்து நிழலில் ஒரு காட்டன் துண்டின் மேல் விடச் சொன்னேன். நல்லவேளை, பிழைத்துக்கொண்டது. சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனபோது பக்கெட்டுக்குப் பக்கத்தில் புருவ முடி பிடுங்கும் ட்வீசர் ஒன்று கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. பத்து வருடத்துக்கு முன்னால் அதே மாதிரி ஒரு ட்வீசரோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

கூண்டைச் சரியாக மூடுங்கள், கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதீர்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாம்புக்கு நல்லது செய்கிறோம் என்று நம்பிச் செய்கிற தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வாராவாரம் குளியல்

பாம்புக்கு வியர்ப்பதில்லை. நம்மைப் போல அதற்கு உடம்பு கசகசப்பதும் இல்லை. மேலே படிகிற அழுக்கு சட்டையோடு போய்விடும். குட்டியாக இருந்தால் மாதத்துக்கு ஒருமுறை, வளர்ந்த பிறகு இன்னும் கொஞ்சம் இடைவெளி விட்டுச் சட்டை உரிக்கும். சுருண்டு உட்காருகிற அளவுக்கு ஒரு தண்ணீர்க் கிண்ணத்தைக் கூண்டில் வைத்துவிட்டால், வேண்டும்போது அதுவே இறங்கிக்கொள்ளும்.

சொந்தக் கழிவிலேயே புரண்டு கிடந்தால் கழுவிவிடலாம். மருத்துவர் சொன்னால் ஊறவைக்கலாம். அவ்வளவுதான். நாள் முழுக்கக் கிண்ணத்திலேயே கிடக்கிறது என்றால், குளியல் பிடித்திருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்காமல் கூண்டின் சூட்டைப் பாருங்கள். அப்புறம் கண்ணோரத்திலும் தாடைக்கு அடியிலும் கடுகில் பாதி அளவுக்குக் கருப்புப் புள்ளிகள் நகர்கின்றனவா என்று பாருங்கள். உண்ணி பிடித்த பாம்பும், கூண்டு அனலாக இருக்கிற பாம்பும் தண்ணீரை விட்டு வராது.

மொட்டைமாடித் தண்ணீர்

மே மாதம் மதியம் சென்னையில் எந்த வீட்டுக் குழாயைத் திறந்தாலும் கை சுடும். மாடியில் கருப்பு சின்டெக்ஸ் தொட்டி காலையிலிருந்து காய்ந்துகொண்டிருக்கிறது. அந்தத் தண்ணீர் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அம்பத்தூர்ப் பையன் பிடித்தது அந்தத் தண்ணீர்தான். கையை விட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாகத்தான் இருந்தது என்றான். நம் உடம்பே 37 டிகிரி. நமக்கு வெதுவெதுப்பாக இருக்கிற தண்ணீர் பாம்புக்கு அனல். அது தன் சூட்டைத் தானே குறைத்துக்கொள்ள முடியாத பிராணி. எந்தத் தண்ணீரில் கிடக்கிறதோ, உடம்பும் அந்தச் சூட்டுக்கு வந்துவிடும்.

28 முதல் 30 டிகிரி போதும். நம் கைக்கு அது லேசாகச் சில்லென்றுகூடத் தோன்றலாம். கொளத்தூர் மீன் கடைகளில் கிடைக்கிற தொட்டித் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கையை நம்பாதீர்கள். மெட்ரோ வாட்டரில் குளோரின் வாடை தூக்கலாக இருந்தால், முந்தின நாளே ஒரு பக்கெட்டில் பிடித்துத் திறந்து வைத்துவிடுங்கள்.

மார்கழியில் கதை தலைகீழ். சம்ப் தண்ணீரில் முக்கி எடுத்து, ஈரத்தோடு ஏசி அறையில் விடுவார்கள். இரண்டு வாரத்தில் மூக்கோரம் நுரை கட்டும், மூச்சு விடும்போது மெல்லிய விசில் சத்தம் கேட்கும், தலையை மேலே தூக்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கும். நுரையீரலில் தொற்று. கைவைத்தியம் கிடையாது, ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

தண்ணீரின் ஆழம் பாம்பின் உடம்புத் தடிமனில் பாதிக்கு மேல் வேண்டாம். பாம்புக்கு நீந்தத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் வழுக்குகிற பிளாஸ்டிக் டப்பில், ஊன்றிக்கொள்ள ஒரு பிடி இல்லாமல் நீந்திக்கொண்டே இருந்தால் களைத்துப்போகும். அடியில் ஒரு துண்டை விரித்து விடுங்கள். ஊறவைக்கிற பதினைந்து நிமிடமும் பக்கத்திலேயே இருங்கள். காலிங் பெல் அடித்தால், பாம்பைப் பெட்டியில் விட்டுவிட்டு அப்புறம் போய்க் கதவைத் திறங்கள்.

ஊறவைத்து உரிப்பது

இத்தனை வருடமாக என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான். சட்டை நின்றுவிட்டது என்று யாராவது கேட்டால், உடனே ஒருவர் "இருபது நிமிஷம் ஊறவெச்சு உரிச்சு விடுங்க ப்ரோ" என்பார். கேட்டவரும் அப்படியே செய்வார்.

முதலில் சட்டை எப்படி உரிகிறது என்று பார்ப்போம். அதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிறம் மங்கும், அடிவயிறு இளஞ்சிவப்பாகும், கண் பால் கலந்த நீலமாகும். பழைய தோலுக்கும் கீழே வளர்ந்திருக்கிற புதுத் தோலுக்கும் நடுவே ஒரு திரவம் ஊறுவதால்தான் அந்த நிறம். சில நாளில் கண் மறுபடி தெளிந்துவிடும். வேலை முடிந்தது என்று புதியவர்கள் நினைப்பது இந்த இடத்தில்தான். உண்மையில் தெளிந்த பிறகும் நான்கைந்து நாள் ஆகும். அதற்கப்புறம்தான் மூக்கைக் கட்டையில் தேய்த்து, உதட்டோரத்தைக் கிளப்பி, சாக்ஸ் கழற்றுவது போல உள்பக்கம் வெளியே வரும்படி சட்டையை விட்டு ஊர்ந்து வெளியே வரும். அந்தத் திரவம் போதுமான அளவு ஊறாவிட்டாலோ, காற்று காய்ந்திருந்தாலோ, சட்டை துண்டு துண்டாகக் கிழிந்து ஒட்டிக்கொள்ளும்.

பாம்புக்கு இமை கிடையாது. அதற்குப் பதிலாகக் கண்ணை மூடி ஒரு செதில் இருக்கிறது, கண்ணாடி மாதிரித் தெளிவாக. அதுவும் ஒவ்வொரு முறையும் சட்டையோடு உரியும். உரிந்த சட்டையின் தலைப்பகுதியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வாட்ச் கண்ணாடி போல உப்பிய இரண்டு சின்ன வட்டங்கள் தெரிய வேண்டும். அந்த இடம் வெறும் ஓட்டையாக இருந்தால், பழைய செதில் கண்ணிலேயே தங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

என் பாம்பு மணிக்கு அப்படித்தான் தங்கியது. அப்போது வளசரவாக்கத்தில் வாடகை வீடு. வெயில் தாங்காமல் இரவு முழுக்க ஏசி ஓடும், கட்டிலுக்குப் பக்கத்தில் கூண்டு. அந்தச் சித்திரையில் சட்டை திட்டுத் திட்டாக நின்றுவிட்டது. யாரோ சொன்னதைக் கேட்டு ஊறவைத்தேன். ஊறியதும் முதுகில் ஒட்டியிருந்தது வெங்காயச் சருகு மாதிரிக் கையோடு வந்தது. வர வர எனக்கு உற்சாகம். உடம்பெல்லாம் முடித்தேன். இடது கண் மட்டும் மங்கலாக இருந்தது, ஓரத்தில் ஒரு பிசிறு தூக்கிக்கொண்டிருந்தது. ட்வீசரால் பிசிறைப் பிடித்தேன். மணி தலையை ஒருமுறை வெடுக்கென்று இழுத்தாள். நான் விடவில்லை. இழுத்தேன்.

வந்தது பழைய செதில் மட்டும் இல்லை, அடியில் இருந்த புதுச் செதிலும் சேர்ந்து வந்துவிட்டது. அது போனால் கண்ணுக்கு வேறு காப்பு கிடையாது. இரண்டாம் நாள் கண் வறண்டு சுருங்கியது, அப்புறம் சீழ் வைத்தது. ஒரு மாதம் சொட்டு மருந்து, ஊசி. கடைசியில் கண்ணை எடுக்க வேண்டியதாகிவிட்டது. மருத்துவர் திட்டவில்லை. "தொடாம விட்டிருந்தா அடுத்த சட்டையில தானா வந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார். இன்றைக்கும் ஒருவர் ட்வீசரை எடுத்தேன் என்று சொல்லும்போது, மணி தலையை இழுத்த அந்த ஒரு நொடிதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

ஊறவைப்பதால் சட்டை இளகும், சரி. ஆனால் சட்டை ஏன் நின்றது என்பதைக் கவனிக்காமல் எத்தனை முறை ஊறவைத்தாலும், அடுத்த முறையும் நிற்கத்தான் போகிறது. கடற்கரை ஊர், காற்றில் ஈரத்துக்கா பஞ்சம் என்று நானும் நினைத்தேன். ஏசிக்கு வெளியே பைப்பில் இரவெல்லாம் சொட்டுகிறதே தண்ணீர், அது அந்த அறைக் காற்றில் இருந்த ஈரம்தான். கதவைச் சாத்தி எட்டு மணி நேரம் ஏசி ஓடினால் அறை காய்ந்துவிடும். கூண்டுக்குள் சூடு கொடுக்கிற ஹீட் மேட் வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால் முதலில் ஒரு ஈரப்பதமானி வாங்குங்கள். பால் பைதானுக்குச் சாதாரண நாளில் 60 சதவீதம் இருக்கட்டும், கண் நீலமானதும் 70 வரை போகட்டும். மூடியோடு ஒரு பிளாஸ்டிக் டப்பா எடுத்து, பக்கவாட்டில் பாம்பு நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு, ஓரத்தைத் தேய்த்து மழுங்கவைத்து, உள்ளே தேங்காய் நார்த் தூளை நனைத்துப் பிழிந்து போடுங்கள். கையில் அழுத்தினால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. கண் மங்கியதிலிருந்து சட்டை உரியும் வரை அந்த டப்பா கூண்டிலேயே இருக்கட்டும். மணிக்கு அதை வைத்த பிறகு ஒருமுறைகூடச் சட்டை நிற்கவில்லை.

அப்படியும் நின்றுவிட்டால், நனைத்துப் பிழிந்த பழைய காட்டன் துண்டைக் கையில் தளர்வாகப் பிடித்து, அதற்குள் பாம்பைத் தானாக ஊர்ந்து போக விடுங்கள். துணியின் சொரசொரப்பிலேயே பெரும்பாலும் வந்துவிடும். வராததை நகத்தால் கிளப்பாதீர்கள். வால் நுனியை மட்டும் தவறாமல் பாருங்கள். அங்கே பழைய தோல் மோதிரம் மாதிரித் தங்கி இறுகினால் ரத்த ஓட்டம் நின்று நுனி கருத்துப்போகும். அதையும் துண்டில் சுற்றி இளகவைத்துத்தான் எடுக்க வேண்டும். கண்ணில் தங்கியதை அடுத்த சட்டை வரை விட்டுவையுங்கள். அப்போதும் போகாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். ட்வீசர், செலோ டேப், பட்ஸ் எதையும் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

மஞ்சள், வேப்பிலை, டெட்டால்

எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீர். கூண்டைப் பினாயில் போட்டுத் துடைப்பதும் கூடாது. ஊர்வனவற்றுக்கு அது விஷம்.

சாப்பிட்ட பிறகு

48 மணி நேரம் தொடாதீர்கள். வயிற்றில் எலியோடு இருக்கிற பாம்பைத் தூக்கினால் கக்கிவிடும்.

கையில் எடுப்பது

தலைக்கு நேர் மேலே கையைக் கொண்டுபோவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. பாம்புக்கு மேலிருந்து வருவது பருந்து. பக்கவாட்டிலிருந்து, உடம்பின் நடுப்பகுதியை, இரண்டு கையாலும் தாங்கி எடுங்கள். அதற்கு முன்னால் முதுகை ஒரு கொக்கியாலோ சுருட்டிய பேப்பராலோ மெதுவாகத் தொடுங்கள். கூண்டு திறந்தால் சாப்பாடு என்று பழகிய பாம்புக்கு, இது சாப்பாடு இல்லை என்று அதில் தெரிந்துவிடும். மணிக்கு இடது பக்கம் பார்வை இல்லாததால், வலது பக்கமாக நின்று, வாலோரம் தொட்டுவிட்டுத்தான் எடுப்பேன். வீட்டுக்கு வருகிறவர்களிடமும் முதலில் அதைத்தான் சொல்வேன்.

எலியைத் தொட்ட கையோடு பாம்பைத் தொடாதீர்கள். அதன் உதட்டோரக் குழிகளுக்கு உங்கள் கையின் சூடு தெரியும், நாக்குக்கு எலி வாசனை தெரியும். இரண்டும் சேர்ந்தால் கடிதான். கடித்துப் பிடித்துக்கொண்டால் கையை இழுக்காதீர்கள். பல் பின்பக்கமாக வளைந்திருப்பதால் இழுக்க இழுக்கக் கை கிழியும், பாம்பின் பல்லும் உடையும். தலையில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் விட்டுவிடும். சுற்றியிருந்தால் வால் பக்கத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டு வாருங்கள். கண் நீலமாக இருக்கிற நாட்களில் அதற்குப் பார்வை மங்கும், பதற்றமும் அதிகம். அப்போது எடுக்காதீர்கள்.

1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்குகிறது. விஷமுறிவு மருந்துக்காக அவர்கள் நஞ்சு எடுப்பதை ஒருமுறை போய்ப் பாருங்கள். மண் பானையிலிருந்து நல்ல பாம்பை வெளியே எடுக்கும்போது அந்தக் கைகளில் துளி அவசரம் இருக்காது. நான் கற்றுக்கொண்டதில் பாதி அங்கே நின்று பார்த்ததுதான்.

கழுத்தில் மாலையாகப் போடுவது

கூடாது. சின்னப் பாம்பாக இருந்தாலும்.

சமையலறை சிங்க்

பாம்பு பார்க்க ஆரோக்கியமாக இருந்தாலும் அதன் கழிவில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். குளிப்பாட்டத் தனி டப், தனித் துண்டு. தண்ணீரைக் கழிவறையில் கொட்டிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் கர்ப்பிணிகளும் தொட வேண்டாம். பேரன் ஆசைப்படுகிறான் என்று தாத்தாவே கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

மழையில் வந்த பாம்பு

பால் பைதானை வளர்த்துப் பழகியவர்களுக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது. ஐப்பசி மழையில் பள்ளிக்கரணைப் பக்கம் ஒருவர் வீட்டு வாசலில் சேறு பூசிய குட்டி ஒன்று கிடந்தது. வெள்ளிக்கோல் வரையன்தானே, விஷமில்லை என்று நினைத்துக் கையில் எடுத்துக் குழாயடியில் கழுவியிருக்கிறார். சேறு போனதும் தெரிந்த பட்டைகளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். கட்டு விரியன். அது கடித்தால் பல நேரம் வலிகூடத் தெரியாது. அன்று கடிக்காமல் விட்டது அவர் அதிர்ஷ்டம்.

நம் ஊர்ப் பாம்பு எதையும், சாரையோ மண்ணுளியோ மலைப்பாம்போ, வீட்டில் வளர்க்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. பால் பைதான், போவா போன்ற வெளிநாட்டு இனங்களையும் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். காகிதம் இல்லாமல் யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் அந்த அறையை விட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்துங்கள், கதவடி இடுக்கை ஈரச் சாக்கால் அடையுங்கள். வனத்துறைக்கோ, 101-ல் தீயணைப்புத் துறைக்கோ போன் செய்துவிட்டு, அவர்கள் வரும்வரை கதவைத் திறக்காமல் இருங்கள்.