கையை மேலே தூக்கும்போது கட்டைவிரல் எங்கே பார்க்கிறது?

பரணிலிருந்து பாத்திரம் எடுக்கும்போதோ, கொடியில் துணி போடும்போதோ தோளில் சுருக்கென்று வலிக்கிறதா? உள்ளங்கை தரையைப் பார்க்கிற மாதிரி கையைப் பக்கவாட்டில் தூக்காதீர்கள். கட்டைவிரல் வானத்தைப் பார்க்கட்டும், கையும் சற்றே முன்பக்கமாக வரட்டும்.

கையைத் தூக்குவதில் பெரும் பங்கு தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசையுடையது. அதற்கு அடியில் சுப்ராஸ்பினேட்டஸ் என்ற சிறிய தசையின் நாண் (தசையை எலும்போடு இணைக்கும் பட்டை), தோள்பட்டை எலும்பின் கூரை போன்ற முனைக்குக் கீழே, ஒடுங்கிய இடைவெளியில் போகிறது. உள்ளங்கை தரையைப் பார்த்தபடியோ கட்டைவிரல் கீழே பார்த்தபடியோ கையைத் தூக்கினால், மேற்கை எலும்பின் புடைப்பு அந்த நாணை நசுக்க வாய்ப்பு அதிகம். பாவம், மெல்லிய நாண் அது! கட்டைவிரல் மேலே வருகிற மாதிரி கையைத் திருப்பினால் புடைப்பு பின்னால் விலகிவிடும்.

அப்புறம், கை 180 டிகிரி உயர்வதில் ஏறத்தாழ 60 டிகிரி தோள்பட்டை எலும்பு சுழல்வதால் கிடைப்பது. அதைச் சுழற்றுவது முதுகிலுள்ள டிரப்பீசியஸும் விலாவை ஒட்டிய செரேட்டஸ் ஆன்டீரியரும் என்ற தசைகள்தான். கூன் போட்டு நின்றால் அது சரியாகச் சுழலாது. அதனால் முதலில் நிமிர்ந்து நில்லுங்கள், பிறகு கையைத் தூக்குங்கள். இரவில் தூக்கம் கெடுகிற அளவுக்கு வலி இருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.