‘ரோங்’குக்கு எதிர்ச்சொல் எது? முதலில் பிழை எது என்று பாருங்கள்

பரந்தன் சந்தியில் நான் விட்ட பிழையிலிருந்தே தொடங்குகிறேன். 2010, மீள்குடியேற்ற நேரம். வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு மொழிபெயர்ப்பாளனாக வாகனத்தில் முன் சீற்றில் இருக்கிறேன். கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் வடக்கே வந்தோம். போக வேண்டியது பூநகரி. அவரே ஓட்டினார். சந்தியில் “லெஃப்ட்?” என்று கேட்டார். கேட்டது சரிதான். நானும் “ரைட், ரைட்” என்றேன். மனிதர் அப்படியே வலப்பக்கம் திருப்பி முல்லைத்தீவு வீதியில் ஏறிவிட்டார். என் கண் மடியில் கிடந்த கடிதத்தில். தருமபுரத்துக்குக் கிட்டப் போன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். புழுதி குடித்துக்கொண்டு திரும்பி வந்தோம். பாதை சொல்லும்போது ‘ரைட்’ என்றால் வலக்கைப் பக்கம் மட்டுமே, ஆமாம் என்பதற்கு ‘கொரெக்ட்’ அல்லது ‘யெஸ்’ என்று அன்றைக்குப் படித்தேன்.

இப்போது கிளிநொச்சியில் வீட்டு விறாந்தையில் பின்னேரம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். சாதாரண தரப் பிள்ளைகள்தான் கூட. ‘ரோங்’குக்கு எதிர்ச்சொல் கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் ‘ரைட்’ என்பார்கள். பரீட்சைத் தாளில் புள்ளி விழும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வசனம் எழுதத் தொடங்கினால் சறுக்கும். காரணம், எங்களுடைய ‘பிழை’ எல்லாப் பாத்திரத்திலும் விழும் அகப்பை, ‘சரி’யும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ‘ரோங்’ ஒன்றுதான், அதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பவை பல.

நான் சொல்லிக்கொடுக்கும் வழி இது. ஆங்கிலத்தில் எதிர்ச்சொல் தேடாதீர்கள். ‘ரோங்’ வரும் வசனத்தை எடுத்து, அந்தப் பிழை என்ன பிழை என்று தமிழில் இன்னொரு சொல்லால் சொல்லுங்கள்: பொய்யா, பழுதா, அநியாயமா, மாறிப்போனதா, அளவு தப்பியதா? அந்தத் தமிழ்ச் சொல்லுக்கு எதிரானதைத் தமிழிலேயே பிடியுங்கள். பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள்.

கணக்கு விடை பிழை என்றால் ‘கொரெக்ட்’, ‘ரைட்’ இரண்டும் ஓடும். ஒருவர் சொன்ன கதை பிழை என்றால், அதாவது பொய் என்றால், ‘ட்ரூ’. இதில் பெரிய சிக்கல் இல்லை.

மாறிப்போனதுதான் சுவையான இடம். வவுனியா பஸ் நிலையத்தில் முல்லைத்தீவு பஸ் என்று நினைத்து மன்னார் பஸ்ஸில் ஏறி இருந்துவிட்டீர்கள். அந்த பஸ்ஸில் என்ன பிழை? ஒன்றுமில்லை; மன்னார் போகிறவருக்கு அது தங்கமான பஸ். உங்களுக்குத்தான் பொருந்தவில்லை. இப்படிப் பொருத்தம் பார்த்துச் சொல்லும் ‘ரோங்’குக்கு இயல்பான எதிர் ‘ரைட்’: த ரைட் பஸ், த ரைட் சைஸ், த ரைட் மேன் ஃபோர் த ஜொப். ‘கொரெக்ட் மேன்’ என்று எழுதினால் ஏதோ கணக்குப் போட்டு வந்த விடைபோல இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: நிலையத்தில் உங்களுக்கு ஆகாத பஸ் பத்து நின்றாலும் ஆங்கிலத்தில் பொதுவாக ‘த ரோங் பஸ்’ என்றுதான் சொல்வார்கள், ‘எ ரோங் பஸ்’ என்றல்ல. எங்கள் பிள்ளைகள் இந்த ‘த’வை அநேகமாக விட்டுவிடுவார்கள்.

அநியாயத்துக்கு வருவோம். ஒரு முறை பக்கத்து வளவு அம்மா ஒருவர், காணி எல்லைப் பிரச்சினைக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தரச் சொல்லி வந்தார். “தம்பி, எங்கட பக்கம் சரி எண்டு வடிவா எழுது” என்றார். நானும் ‘அவர் சைட் இஸ் கொரெக்ட்’ என்று எழுதி முடித்து, வாசித்துப் பார்த்தபோது நெஞ்சில் ஒட்டவில்லை. ‘கொரெக்ட்’ என்பது விடைக்கும் தகவலுக்கும் விதிமுறைக்கும் உரிய சொல். நியாயம் யார் பக்கம் என்று சொல்ல ‘வி ஆர் இன் த ரைட்’ என்று எழுத வேண்டும். ‘இன் த ரோங்’ என்பதற்கு நேர் எதிர் அது. அவர் கேட்பது நியாயமான தீர்வு, எனவே அதற்கு ‘ஃபெயார்’. ‘ஜஸ்ட்’ என்றும் போடலாம், கனமான சொல். ஆனால் அதே ‘ஜஸ்ட்’டுக்கு ‘இப்பதான்’, ‘மட்டும்தான்’ என்ற பொருள்களும் இருப்பதால் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ‘ஃபெயார்’தான் பாதுகாப்பு. அம்மாவுக்கு இரண்டாம் தரம் எழுதிக் கொடுத்தேன்.

பழுது என்றால் தனி ‘ரைட்’டைத் தொடவே வேண்டாம். தண்ணீர் மோட்டரில் ‘சம்திங் இஸ் ரோங்’ என்றால், திருத்திய பிறகு ‘இட் இஸ் வேர்க்கிங்’ அல்லது ‘ஃபைன்’. முகம் வாடியிருப்பவரிடம் ‘வட்ஸ் ரோங்?’ என்று கேட்டால் வரும் பதில் ‘நத்திங், ஐ ஆம் ஓல் ரைட்’.

அளவுக்கு ‘அக்கியுரேட்’. நெல் விற்றவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் என்று மூட்டையைத் திருப்பிவிடும்போது, அந்தக் கருவி அக்கியுரேட்தானா என்றுதானே முதலில் கேட்போம்? இதோடு ‘ப்ரிசைஸ்’ஸைக் குழப்புவார்கள். உண்மையில் 50 கிலோ உள்ள மூட்டையைப் பத்துத் தரம் தராசில் வைக்கிறோம். பத்துத் தரமும் 48 காட்டுகிறது. அந்தத் தராசு ப்ரிசைஸ், அக்கியுரேட் இல்லை. சொன்னதையே சொல்கிறது, ஆனால் பொய் சொல்கிறது.

இடம் பொருள் தெரியாத நடத்தைக்கு எதிர் ‘ப்ரொப்பர்’. வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குக் கட்டைக் காற்சட்டையோடு போகிறவன் ‘இன்கொரெக்ட்’ இல்லை, ‘நொட் ப்ரொப்பர்’.

இந்தச் சொற்களின் வேரைப் பார்த்தால் எங்களுக்குப் புதிதாக ஒன்றுமில்லை. ‘ரோங்’ பழைய நோர்ஸ் மொழி வழியாக வந்தது, கோணல் என்ற பொருளோடு. ‘ரைட்’ என்றால் ஆதியில் நேரானது. ‘கொரெக்ட்’ இலத்தீனில் நேராக்கப்பட்டது. வயல் வரம்பு கட்டும்போது ஐயா கயிறு பிடித்து “கோணுது, நேராக்கு” என்பாரே, அதே கதைதான். நேரிலிருந்துதானே எங்களுக்கும் நேர்மை.

வினையோடு வரும்போது இடம் முக்கியம். வினைக்குப் பிறகு வந்தால் ‘யூ டிட் இட் ரோங்’, அதற்கு எதிர் ‘யூ டிட் இட் ரைட்’ அல்லது ‘ப்ரொப்பர்லி’. வினைக்கு முன்னால் வந்தால் ‘ரோங்லி’: செய்யாத குற்றத்துக்குப் பிடிபட்டவன் ‘ரோங்லி அக்கியூஸ்ட்’. அதற்கு எதிர் ‘ரைட்லி’. ‘ஹி டிட் இட் ரைட்லி’ என்று எழுதும் பிள்ளைகளுக்கு நான் சிவப்புக் கோடு போடுவேன்.

கடைசியாக ஒரு பொறி. தரம் 10 பிள்ளை ஒன்று சுற்றுலா பற்றிய கட்டுரையில் ‘த ஃபூட் வொஸ் நொட் ரோங்’ என்று எழுதியிருந்தது. முறிகண்டியில் சாப்பிட்ட சாப்பாடாம். முதலில் எனக்குச் சிரிப்பு, பிறகுதான் பிடிபட்டது: ‘சாப்பாடு பிழையில்லை’. நாங்கள் பிழையில்லை என்றால் பரவாயில்லை, நல்லாத்தான் இருந்தது என்று அர்த்தம். ஆங்கிலத்தில் அதற்கு ‘நொட் பேட்’. ‘நொட் ரோங்’ என்றால் சொன்ன கருத்தில் தவறில்லை என்ற அளவில் நின்றுவிடும், சோற்றுக்கு ஒட்டாது. ‘இல்லை’ போட்டதும் எதிர்ச்சொல் கிடைத்துவிட்டது என்று நினைப்பவர்கள் இங்கேதான் விழுவார்கள்.

இதெல்லாம் சொல்லி முடித்த அன்று பின்வரிசையில் இருந்த ஒருத்தி கையை உயர்த்தினாள். “சேர், அப்ப பஸ்ஸில கொண்டக்டர் ‘ரைட்’ எண்டு கத்துறது எதுக்கு எதிர்?”

“நிப்பாட்டுக்கு, பிள்ளை” என்றேன்.