வெளியூரில் இருந்தபடியே பிள்ளையின் கைபேசி நேரத்தை முறைப்படுத்துவது எப்படி?

வேலையின் பொருட்டுப் பெங்களூரில் தங்கியிருக்கும் நானும், திருநெல்வேலியில் ஆச்சி, தாத்தாவின் பொறுப்பில் வளரும் என் பத்து வயது மகளும் மாதத்தில் இரண்டு முறைதான் நேரில் சந்திக்கிறோம். அவளுக்கென்று ஓர் ஆண்ட்ராய்டு கைபேசி வாங்கிய பிறகு, அதை எவ்வளவு நேரம், எதற்காகப் பயன்படுத்துகிறாள் என்பதைத் தொலைவிலிருந்தே கவனித்துக்கொள்ள, கூகுள் நிறுவனம் 2017இல் வெளியிட்ட ஃபேமிலி லிங்க் என்னும் இலவசச் செயலியைப் பயன்படுத்தி வருகிறேன். என்னைப் போலவே பிள்ளையைப் பிரிந்து வாழும் பெற்றோருக்குப் பயன்படும் என்பதால், அதை அமைக்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

இந்த ஏற்பாட்டை ஊரில் இருக்கும்போதே செய்து முடித்துவிட வேண்டும். பெற்றோரின் கைபேசி ஆண்ட்ராய்டாகவோ ஐபோனாகவோ இருக்கலாம். பிள்ளையின் கைபேசி ஆண்ட்ராய்டாக இருக்க வேண்டும். (பிள்ளையிடம் ஐபோன் இருந்தால், ஆப்பிள் 2018இல் கொண்டுவந்த ஸ்கிரீன் டைம் வசதியைக் குடும்பப் பகிர்வின் வழியாக இதே போலப் பயன்படுத்தலாம்.) பிள்ளையின் கைபேசியில் பெற்றோர் தம் கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை இட்டு ஒப்புதல் தர வேண்டிய கட்டம் ஒன்று வரும். அந்தக் கடவுச்சொல்லைத் தொலைபேசியில் எழுத்தெழுத்தாகத் தாத்தாவிடம் சொல்லி இடச் செய்வது எளிதும் அன்று, பாதுகாப்பும் அன்று. பிள்ளையின் கணக்கைத் தொடங்கும்போது உண்மையான பிறந்த தேதியையே கொடுங்கள். வயதைக் கூட்டிக் கொடுத்தால், சிறுவர் கணக்குக்கு உரிய பாதுகாப்புகள் தொடக்கத்திலேயே கிடைக்காமல் போய்விடும். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பெற்றோர், பிள்ளை கணக்குகளை ஒன்றாக இணைக்கும் குடும்பக் குழுவில் இருப்பவர்கள் அனைவரும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி என்பதால், இந்தியாவில் இருக்கும் தாயோ தந்தையோ குழுவின் நிர்வாகியாக இருப்பதே நல்லது.

எவ்வளவு நேரம் அனுமதிப்பது என்பதற்கு, இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தின் வழிகாட்டுதல் நல்ல அளவுகோல். 2 முதல் 5 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமலும், 5 முதல் 10 வயது வரை இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகவும் திரை நேரம் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே கூடாது என்று சொல்லும் அதே வழிகாட்டுதல், உறவினரோடு எப்போதாவது காணொளியில் பேசுவதற்கு மட்டும் விலக்கு அளித்திருப்பது, பிள்ளையை விட்டுத் தொலைவில் இருக்கும் எவருக்கும் ஆறுதலான செய்தி.

செயலியில் மூன்று வகைக் கட்டுப்பாடுகள் உள்ளன. இவற்றின் வேறுபாடு புரியாவிட்டால் எல்லாம் குழப்பமாகிவிடும். நாள் வரம்பு என்பது அன்றைக்கு மொத்தம் எவ்வளவு நேரம் என்பதைத் தீர்மானிக்கிறது. கிழமைக்குக் கிழமை இதை மாற்றி வைக்கலாம். ஓய்வு நேரம் என்பது எத்தனை மணிக்குக் கைபேசி பூட்டிக்கொள்ள வேண்டும், எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்பது. செயலி வரம்பு என்பது யூடியூப் அரை மணி, விளையாட்டு இருபது நிமிடம் என்று தனித்தனியே அளந்து கொடுப்பது. இவற்றுள் முதலில் அமைக்க வேண்டியது ஓய்வு நேரமே என்பது என் கருத்து. இரவு ஒன்பது மணிக்குக் கைபேசி தானாகப் பூட்டிக்கொண்டால், தூக்கம் கெடாது என்பதோடு, தினமும் அதே நேரத்தில் நடப்பதால் பிள்ளைக்கும் பழகிவிடுகிறது. நாள் வரம்பு ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே கணக்கிடப்படுகிறது என்பதால், கைபேசியோடு டேப்லெட்டும் இருந்தால் இரண்டுக்குமாகச் சேர்த்து யோசித்துப் பிரிக்க வேண்டும்.

நினைத்த கணத்தில் கைபேசியைப் பூட்டும் பொத்தானும் உண்டு. அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் நான் ஒருநாள் எரிச்சலில் அதை அழுத்திவிட, மகள் அப்போது பள்ளிக்காக வரைந்துகொண்டிருந்த படத்துக்கு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை ஆச்சி சொல்லித்தான் அறிந்தேன். இரண்டு நாள் என்னோடு அவள் பேசவில்லை. தொலைவில் இருப்பவருக்கு எண்கள் தெரியுமே தவிர, அறைக்குள் நடப்பது தெரியாது. வரம்பு முடியப் போகும்போது பிள்ளைக்கு முன்கூட்டியே அறிவிப்பு வருகிறது. பூட்டும் பொத்தானில் அந்த அவகாசம் இல்லை. பூட்டிய பின்னும் வரும் அழைப்பை எடுக்கவும் அவசர அழைப்பு விடுக்கவும் முடியும் என்பதைப் பிள்ளைக்கும் பெரியவர்களுக்கும் செய்து காட்டிவிடுங்கள்.

நாம் செய்யும் மாற்றம் பிள்ளையின் கைபேசியை அடைய அதில் இணையம் இருக்க வேண்டும். இணையம் இல்லாத நேரத்தில் திறக்க நேர்ந்தால், பெற்றோரின் செயலியில் தெரியும் குறியீட்டைத் தொலைபேசியில் சொல்லித் திறக்க வைக்கலாம்.

இத்தனையும் அமைத்த பிறகும் ஓட்டைகள் இருக்கும். மகளுக்கென்று தனி வாட்ஸ்அப் கணக்கு இல்லை என்பதால், என் காணொளி அழைப்பு ஆச்சியின் கைபேசிக்கே போகிறது. பேசி முடித்த பின் அந்தக் கைபேசி மகளின் கையிலேயே தங்கிவிடுவதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. கூடத்தில் இருக்கும் தொலைக்காட்சியும் கைபேசியின் வரம்புக்குள் வராது. ஆகவே, ஆச்சியின் கைபேசிக்குத் திரைப்பூட்டு வைத்ததோடு, தொலைக்காட்சிக்கான நேரத்தையும் அவரிடமே கேட்டு முடிவு செய்தேன். பிள்ளைக்கு நாள் முழுதும் சோறு போட்டுப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்களைக் கலக்காமல் பெங்களூரிலிருந்து விதி போட்டால், அவர்கள் "அப்பா பூட்டிவிட்டார், நான் என்ன செய்ய" என்று விலகிக்கொள்வார்கள். பிள்ளையும் அவர்கள் சொல்லை மதிக்காது.

பள்ளி வேலைக்காகக் கூடுதல் நேரம் கேட்டால், அன்றைக்கு மட்டும் செல்லும் போனஸ் நேரத்தைக் கொடுத்துவிடுகிறேன். மறுநாள் பழைய வரம்பே திரும்பிவிடும் என்பதால் அதைத் திருத்த வேண்டியதில்லை. ஞாயிறு காலையில், அந்த வாரம் எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் போயிற்று என்னும் கணக்கை நான் இங்கே திறந்து வைத்துக்கொண்டு அவளிடம் வாசித்துக் காட்டுகிறேன். அடுத்த வாரத்துக்கு எதில் பத்து நிமிடம் குறைப்பது, எதில் கூட்டுவது என்று அவள் சொல்ல, அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மாற்றி வைக்கிறேன்.