பயணத்தில் வந்த வீணையின் மெருகு: பெட்டியைத் திறக்கும் முன்னும் பின்னும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில், தஞ்சாவூரிலிருந்து டொரான்டோவுக்குப் போய்ச் சேர்ந்த புதிய வீணையின் படங்களை என் மாணவி அனுப்பியிருந்தார். வீணையின் உருண்டையான பகுதியாகிய குடத்தின் மேல் காசளவு வட்டங்கள் வரிசை வரிசையாகப் பதிந்திருந்தன. நீண்ட கழுத்தாகிய தண்டியின் ஓரம் பால் சிந்திக் காய்ந்தது போல் வெளுத்திருந்தது. இரண்டுக்கும் நடுவே, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மெருகே இல்லாமல் பலா மரம் வெறுமையாகத் தெரிந்தது. வட்டங்கள் பபிள் ராப்பின் வேலை. வெளுப்பு ஈரத்தின் வேலை. அந்த வெறுமையோ, வெளுப்பை அழுக்கென்று நினைத்து, சானிடைசர் நனைத்த டிஷ்யூவால் அவரே துடைத்ததால் வந்தது. டிஷ்யூவில் பழுப்பு நிறமாக ஒட்டிக்கொண்டு வந்தது அழுக்கல்ல, பாலிஷ்.

பயணத்தில் மெருகு கெடுவது என்றதும் அடியையும் மோதலையும்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரையில், மெருகைத் தொட்டுக்கொண்டிருந்த உறையும், பெட்டியைத் திறந்தவுடன் நம் கை காட்டும் அவசரமும் செய்கிற கேடு அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. இவை இரண்டும் நம் கட்டுப்பாட்டில் இருப்பவை என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

மெருகு எதனால் ஆனது என்று தெரிந்துகொள்வது முதல் வேலை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செதுக்கப்படுவது. அதன் மரபான மெருகு அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினாகிய செல்லாக். அதை ஆல்கஹாலாகிய ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, அந்தப் பொதியால் மிக மெல்லிய படலங்களாகப் பல முறை தேய்த்து ஏற்றுவார்கள். புதிய படலம் தனக்குக் கீழே இருப்பதைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். அதனால் பழுதான இடத்தை மட்டும் திருத்திப் பழைய மெருகோடு கலக்க முடிகிறது. அதே காரணத்தால்தான் சானிடைசர், வாசனைத் திரவியம், கண்ணாடி துடைக்கும் திரவம் என ஆல்கஹால் கலந்த எதுவும் அதைக் கரைத்துவிடுகிறது. செல்லாக் ஏறத்தாழ 75 டிகிரி செல்சியஸில் உருகும். இளகுவது அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். தொட்டுப் பார்த்தால் ஒரு நாளில் காய்ந்தது போல் இருந்தாலும், உள்ளே இறுகுவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும்.

இப்போது வரும் வீணைகளில் பல, லாக்கர், மெலமைன், பி.யு. (பாலியூரித்தேன்) போன்ற பூச்சுகளோடு வருகின்றன. இவை கடினமானவை, ஆனால் உடைந்தால் சில்லாகப் பெயரும், இடம் தெரியாமல் ஒட்டுப்போடுவதும் கடினம். ஆகவே வாங்கும்போதே எந்தப் பூச்சு என்று செய்பவரிடம் கேட்டு ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அனுப்பும் முன்

பாலிஷ் முடிந்து குறைந்தது நான்கு வாரமாவது ஆன பிறகே வீணையைக் கட்டச் சொல்லுங்கள். பட்டறையில் இதைக் கேட்கப் பலர் தயங்குகிறார்கள். பண்டிகைக்கோ அரங்கேற்றத்துக்கோ வந்து சேர வேண்டுமென்று வாங்குபவர் நெருக்கினால், செய்பவர் ஈரம் உலராத மெருகோடு கட்டி அனுப்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

மெருகைத் தொடும் முதல் உறை பருத்தித் துணியாகவே இருக்க வேண்டும். பல முறை துவைத்து மென்மையான பழைய வேட்டியைப் போல் பொருத்தமானது வேறில்லை. கஞ்சி போட்டதும் சாயம் போகக்கூடியதும் வேண்டாம். பபிள் ராப், தெர்மாகோல், ஸ்பாஞ்ச், ரெக்சின் ஆகிய எதுவும் நேரடியாகப் படக் கூடாது. பிளாஸ்டிக்கை வளைந்துகொடுக்க வைப்பதற்காகச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள், வெப்பத்தில் கசிந்து செல்லாக்கையும் லாக்கரையும் பிசுபிசுப்பாக்கிவிடும். வேட்டிக்கு மேல் பபிள் ராப்பைச் சுற்றலாம், குமிழ்கள் வெளிப்பக்கம் பார்த்திருக்கும்படி.

தந்திகளைத் தாங்கும் குதிரை, அவற்றின் அழுத்தத்தால் மட்டுமே குடத்தின் மேற்பலகையில் நிற்கிறது. தந்தியைத் தளர்த்தினால் அது நகரும். நகர்ந்தால் பலகையில் கோடு விழும். ஆகவே அதை எடுத்துத் துணியில் சுற்றித் தனி டப்பாவில் வையுங்கள். அது நின்ற இடத்தைக் குறிக்கச் செலோ டேப் ஒட்டாதீர்கள், உரிக்கும்போது மெருகையும் சேர்த்து உரிக்கும். பக்கத்தில் அளவுகோலை வைத்து ஒரு படம் எடுத்தால் போதும். தண்டியின் அடியில் பொருத்தியிருக்கும் சுரைக்காயையும் கழற்றித் தனியாகச் சுற்ற வேண்டும். தந்திகளை முறுக்கும் பிரடைகளின் முனைகள் பெட்டியின் சுவரில் முட்டாதபடி இருபுறமும் துணிச் சுருள் வைத்து, யாளி முகத்துக்கும் தண்டிக்கும் இடையிலுள்ள வளைவைத் துணியால் நிரப்புங்கள்.

பிறகு படங்கள். பட்டறை வாசலின் பகல் வெளிச்சத்தில், தேதி தெரியும்படி, எல்லாப் பக்கங்களையும் எடுக்கச் சொல்லுங்கள். "இந்தக் கீறல் முன்பே இருந்தது" என்று பின்னால் யாராவது சொன்னால், அதற்குப் பதில் சொல்லக்கூடியவை இந்தப் படங்கள் மட்டும்தான்.

பெட்டி வந்ததும்

கையெழுத்துப் போடும் முன் பெட்டியின் ஆறு பக்கங்களையும் பாருங்கள். நசுங்கல், கிழிசல், ஈரக்கறை ஏதாவது தெரிந்தால், "பெட்டி சேதமடைந்த நிலையில் பெறப்பட்டது" என்று ரசீதிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். கொண்டுவந்தவர் அவசரப்படுத்துவார், அவருக்கு இன்னும் இருபது வீடு இருக்கும். பொறுமையாக எழுதுங்கள்.

குளிர் நாடாக இருந்தால், பெட்டியைத் திறக்காமல் வீட்டுக்குள் ஒரு முழு நாள் வைத்திருப்பது கட்டாயம். உறைநிலைக்குக் கீழே வண்டியில் கிடந்த மரத்தைச் சட்டென்று கதகதப்பான அறையில் திறந்தால் இரண்டு கேடுகள் நேரும். முதலாவது, குளிர்ந்த மெருகின் மேல் அறைக் காற்றின் ஈரம் வேர்த்துப் படியும். செல்லாக் அதை உள்ளிழுத்து வெளுக்கும். இரண்டாவது, மரமும் மேற்படலமும் ஒரே வேகத்தில் விரிவதில்லையாதலால், படலம் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். பழைய கிட்டார்களின் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரில் குறுக்குக் கோடுகள் ஓடுவதற்கும் இதுவே காரணம். பெட்டியும் உறைகளும் சேர்ந்து வெப்பத்தை மெதுவாக உள்ளே விடுகின்றன, அவற்றை அந்த வேலையைச் செய்யவிடுங்கள்.

திறக்கும்போது ஒவ்வோர் உறையையும் எடுக்கும் முன் ஒரு படம் எடுங்கள். உறைகளையும் பெட்டியையும் தூக்கி எறியாதீர்கள். வீணையைக் கிடத்திய பின், அறை விளக்குகளை அணைத்துவிட்டு, கைவிளக்கைப் பலகையின் மட்டத்திலிருந்து சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாத கீறலும் பள்ளமும் அந்தச் சாய்ந்த ஒளியில் நிழலோடு எழுந்து நிற்கும்.

சேதத்தைப் படித்தறிவது

மயிரிழைக் கோடு தெரிந்தால், அது மெருகின் வெடிப்பா, மரத்தின் வெடிப்பா என்பதுதான் முதற்கேள்வி. மரம் அநேகமாக அதன் நார் ஓடும் ரேகையின் வழியே வெடிக்கும்; படலம் ரேகையைக் குறுக்கே கடந்தும் வெடிக்கும். விரலால் குடத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் ஓசை பிளந்தோ அதிர்ந்தோ கேட்டால் அங்கே மரமோ ஒட்டோ விட்டிருக்கக்கூடும். தனித்தனிப் பகுதிகளை ஒட்டிச் செய்த ஒட்டு வீணையில் குடமும் தண்டியும் சேரும் இடத்தையும், தண்டியும் யாளியும் சேரும் இடத்தையும் தனியே பாருங்கள். அங்கே மெருகில் நேர்கோடாக ஒரு வெடிப்பு ஓடினால், அதை மெருகின் சேதமாக மட்டும் எண்ணிவிட வேண்டாம்.

வீணைக்கு ஒரு வசதி உண்டு. அது தன் பயணத்தின் வெப்பத்தைத் தானே எழுதி வைத்திருக்கும். தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோக மெட்டுகளைத் தாங்கி நிற்கும் மேளம், தேன்மெழுகும் கரியும் கலந்த கலவை. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். அதற்கு முன்பே இளகி, மெட்டின் பாரத்தில் அமிழும். மெட்டுகள் சாய்ந்தோ மெழுகு ஓரத்தில் வழிந்தோ இருந்தால், பெட்டி கடும் வெயிலில் கிடந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் மெருகில் தெரியும் பதிவுகளும் அந்த வெப்பத்தில் விழுந்தவையாக இருக்க வாய்ப்பு மிகுதி. மெழுகையும் மெருகையும் ஒரே படத்தில் எடுத்து வையுங்கள்.

முறையீடு

விமானச் சரக்குக்கு 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் இடங்களில், சேதம் தெரிந்தவுடன், எப்படியும் பெற்றுக்கொண்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள், எழுத்தில் முறையிட வேண்டும். கூடவே எடுத்துவந்த பயணப் பெட்டியாயின் 7 நாட்கள்தான். எதுவும் எழுதாமல் பெற்றுக்கொண்டால், பொருள் நல்ல நிலையில் வந்ததாகவே முதலில் கொள்ளப்படும். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது.

விமானச் சரக்குக்கான இழப்பீட்டின் உச்சவரம்பு எடையைப் பொறுத்தது என்பது பலருக்குத் தெரியாது. 2024 டிசம்பர் 28 முதல் அது கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர்.; இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. 15 கிலோ எடையுள்ள பெட்டிக்கு 390 எஸ்.டி.ஆருக்கு மேல் கேட்க முடியாது, வீணையின் விலை என்னவாக இருந்தாலும். அனுப்பும்போதே மதிப்பைத் தனியாக அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்தியிருந்தால் மட்டுமே இந்த வரம்பைத் தாண்டலாம். காப்பீடு எடுத்தால், கீறலும் உராய்வும் அதில் சேருமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சரக்குக் காப்பீட்டு விதிகள் பொதுவாகப் பொருளைச் சரியாகப் பொதிந்து கட்டாததால் வந்த சேதத்தை விலக்குகின்றன, எனவே வேட்டியைச் சுற்றியபோது எடுத்த படமும் இங்கே உதவும். பழுது பார்ப்பவரிடம் செலவு மதிப்பீட்டை எழுதி வாங்கி இணைத்து, பதில் வரும் வரை மெருகில் கை வைக்காமல் இருங்கள்.

சரிசெய்வது

வெளுப்புக்கு முதல் மருந்து காத்திருத்தல். ஹீட்டருக்கு அருகில் இல்லாத, உலர்ந்த அறையில் ஒரு வாரம் திறந்து வையுங்கள். ஈரம் மேலோட்டமாக இருந்தால் வெளுப்பு தானே மறையும். மறையாவிட்டால், ஸ்பிரிட் பட்டும் படாமலும் நனைந்த பொதியை ஒரே வீச்சில் மேலே ஓட்டி ஈரத்தை வெளியேற்றுவார்கள். பொதி ஒரு நொடி நின்றுவிட்டால் அங்கே மெருகு பெயர்ந்து வரும். கை பழகியவர் செய்ய வேண்டிய வேலை இது.

பபிள் ராப் வட்டங்கள் ஆழமில்லாதிருந்தால் சில வாரங்களில் ஓரளவு தணியும். தணியாதவற்றை மிக மென்மையாகத் தேய்த்து மட்டமாக்கி, மேலே புதிய செல்லாக் ஏற்றலாம். பெயர்ந்த சிறு குழியை, தூரிகை நுனியால் ஒரு நாளைக்கு ஒரு துளி என்று செல்லாக் வைத்து நிரப்பி, இறுகிய பின் மட்டமாக்குவார்கள். பள்ளம் விழுந்த மரத்தை ஈரத்துணியும் இஸ்திரிப்பெட்டியும் வைத்து எழுப்பும் தச்சு முறையை மெருகின் மேல் செய்யவே கூடாது. செல்லாக் வெளுத்து ஒட்டிக்கொள்ளும். நகம் தடுக்காத மெல்லிய கீறல்களை அப்படியே விட்டுவிடுங்கள் என்பேன். வாசிக்க வாசிக்க அவை மங்கும். சந்தையில் கிடைக்கும் சிலிகோன் கலந்த மரச்சாமான் பாலிஷை மட்டும் தடவ வேண்டாம். அதன் பின் செல்லாக் அந்த இடத்தில் பிடிக்காமல் ஒதுங்கும்.

என் மாணவியின் வீணையில் வட்டங்களில் பாதி மாசிக்குள் தணிந்தன. உள்ளங்கை அகல வெறுமையை, அங்கே வயலின் பழுது பார்க்கும் ஒருவர் ஆறு வாரத்தில், தஞ்சாவூரிலிருந்து கேட்டு அனுப்பிய அதே பழுப்புச் செல்லாக்கால் நிரப்பினார். இப்போதும் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அதன் ஓரம் தெரியும்.